ஜெயிச்சும் 13 மாசம் காத்திருந்தவங்க

தேர்தல்ல ஜெயிச்சா சில நாள்லயே பதவியேற்பு, மாலை, மரியாதைன்னு பார்த்துப் பழகினவங்க நாம. அமெரிக்காவுல ஒரு காலத்துல, ஜெயிச்சவர் சபையில போய் உட்கார 13 மாசம் ஆகும்னு படிச்சப்ப அச்சுப்பிழைன்னுதான் நினைச்சேன். பிழை இல்லீங்க.

கணக்கு இதுதான். தேர்தல் நவம்பரில். பதவிக்காலம் தொடங்குவது அடுத்த மார்ச் 4. ஆனால் அரசியல் சட்டப்படி காங்கிரஸ் கூடுவது டிசம்பர் முதல் திங்கள். ஆக, 1930 நவம்பரில் ஜெயித்தவர்கள் கூடியது 1931 டிசம்பரில்! குதிரையில் தலைநகர் வந்து சேர்ந்த காலத்து ஏற்பாடு. ரயில் வந்த பிறகும் மாறவில்லை.

இதைவிடக் கூத்து, தேர்தல் முடிந்த கையோடு டிசம்பரில் கூடுவது பழைய சபை. மக்கள் வேண்டாம்னு அனுப்பின ஆளே வந்து மார்ச் வரை சட்டங்களுக்கு ஓட்டுப் போடுவார். இவர்களுக்கு 'நொண்டி வாத்து'ன்னு பட்டப்பெயர் :-)

சிரிப்பா இருந்தாலும் விலை பெரிசு. 1860 நவம்பரில் லிங்கன் ஜெயித்தார். 1861 மார்ச்சில் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. 1932 நவம்பரில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். 1933 மார்ச்சில் அவர் வருவதற்குள் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின.

நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் 1920களில் இதை மாற்ற விடாமல் போராடினார். செனட் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது, கீழவை முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் 1933 ஜனவரியில் 20ஆவது திருத்தம் வந்தது. காங்கிரசுக்கு ஜனவரி 3, அதிபருக்கு ஜனவரி 20.

தேதி ஒன்றானாலும் இரண்டு அவையும் ஒன்றில்லை. கீழவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதிதாகப் பிறக்கும். செனட்டில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் தேர்தல். 1789ல் யாருக்கு 2, யாருக்கு 4, யாருக்கு 6 வருஷம்னு சீட்டு எடுத்தே பிரித்தார்கள். நம்ம ராஜ்யசபா மாதிரி அது எப்பவும் கலையாது.

இதன் விளைவு 2023ல் தெரிந்தது. அங்கே கீழவையில் முதலில் சபாநாயகர் தேர்தல், அப்புறம்தான் உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம். ஜனவரி 3ல் தொடங்கிய ஓட்டெடுப்பு 15 சுற்று ஓடி, 7ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல்தான் கெவின் மெக்கார்த்தி தேறினார். அதுவரை கீழவையில் ஒருத்தர்கூடப் பதவியேற்க முடியவில்லை! செனட்டுக்கு அந்தச் சிக்கலே இல்லை. நம்ம மக்களவையில் தற்காலிக சபாநாயகர் முதலில் எல்லோருக்கும் பிரமாணம் செய்து வைக்கிறார், பிறகே சபாநாயகர் தேர்தல்.

ஓட்டு எண்ணி முடிச்சதும் டிவியை அணைச்சுடறோம். அதுக்கும் பதவியேற்புக்கும் நடுவுல நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்கன்னும் கொஞ்சம் கவனிக்கணும் போல.