அந்த மூன்று வீதம் எங்கிருந்து வந்தது?

புதிய தவணை தொடங்க முன் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். பில் 10,000 ரூபா அளவில் வந்தது. காட்டை நீட்டினோம்.

"சேர், காட் என்டா மூணு வீதம் கூட வரும். காசா இருந்தாத் தாங்களேன்" என்றார் கடை நானா.

"அப்படி எடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கே நானா?"

"தெரியும் சேர். ஆனா பேங்க் எங்கட பக்கத்தால வெட்டுதே. அத நாங்க யாருக்கிட்ட கேக்கிற?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் அந்த 300 ரூபாவின் கதை மனதை விட்டுப் போகவில்லை. தேடி வாசித்ததில் தெரிந்ததை இங்கே பகிர்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் கடன் கொப்பி இருந்தது நினைவிருக்கும். சம்பளம் கிடைத்ததும் கணக்கைத் தீர்ப்போம். யாராவது தீர்க்காமல் விட்டால் நட்டம் முழுக்கக் கடைக்காரருக்கு. அமெரிக்காவிலும் அன்று இதே நிலைதான். சியர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தமக்கென்று கடன் பிரிவு வைத்திருந்தன. சிறிய கடைக்காரர்களிடம் கொப்பிதான் இருந்தது.

1950இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. கடதாசி மட்டையில் செய்த அட்டை. சாப்பிட்டவர் ஒப்பமிட்டுவிட்டுப் போவார். ஹோட்டலுக்குக் கொம்பனி பணம் கொடுக்கும், ஆனால் 7 வீதத்தை வெட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் வெட்டும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

1958 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பேங்க் ஒஃப் அமெரிக்கா ஒரு துணிச்சலான வேலை செய்தது. கேட்காதவர்களுக்கும் சேர்த்து சுமார் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. சிறு கடைக்காரர்களிடம் அது சொன்னது இதைத்தான்: "உங்கள் கடன் கொப்பியை எங்களிடம் தாருங்கள். பணத்தை உடனே தருகிறோம். வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நட்டம் எங்களுக்கு." அதற்கான விலைதான் அந்தக் கட்டணம்.

நட்டமும் உண்மையாகவே வந்தது. திருப்பிக் கட்டாதவர்கள் 4 வீதம் இருப்பார்கள் என்று வங்கி எதிர்பார்த்தது, 22 வீதமானது. மோசடியும் பெருகியது. ஆகவே ஆரம்பத்தில் அந்தக் கட்டணத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆபத்தைச் சுமந்தவர் அதற்குக் கூலி எடுத்தார்.

வேலையும் அன்று லேசானதல்ல. அட்டையை ஓர் இரும்புக் கருவியில் வைத்து, மேலே காபன் தாள் போட்ட துண்டை வைத்து, கைப்பிடியை இழுப்பார்கள். அட்டையில் புடைத்திருக்கும் இலக்கங்கள் தாளில் பதியும். (அட்டைகளில் இலக்கங்கள் மேடாக இருந்தது இதற்காகத்தான்.) அந்தத் துண்டுகளைச் சேர்த்து வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். தொகை கூடினால் டெலிபோன் எடுத்து அனுமதி கேட்க வேண்டும். வாடிக்கையாளர் காத்து நிற்பார். திருட்டு அட்டைகளின் இலக்கங்களை அச்சிட்ட பட்டியலையும் கடைக்காரரே பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. ஐபிஎம் பொறியியலாளர் ஃபொரஸ்ட் பெரி காந்தப் பட்டியைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்க முடியாமல் தடுமாறியபோது, அவரது மனைவி துணி அழுத்தும் அயனால் ஒட்டிப் பார்க்கச் சொன்னாராம். அது சரிவந்தது. 1973இல், பின்னர் விசா என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு, அனுமதி வழங்கும் வேலையைக் கணினி வலையமைப்புக்கு மாற்றியது. நிமிடக்கணக்கில் காத்திருந்தது ஒரு நிமிடத்துக்குள் வந்தது. 1981இல் ஹவாயில் வெரிஃபோன் தொடங்கியது. கடை மேசையில் வைக்கும் சின்ன மெஷின் பரவியது. பிரான்ஸில் ரொலண்ட் மொரேனோ 1974இல் காப்புரிமை பெற்ற சிப், மெல்ல மெல்ல உலகம் முழுதும் அட்டைகளில் ஏறியது.

அப்படியானால் மோசடியைத் தடுப்பது இலகுவாகிவிட்டது, கை வேலையும் இல்லாமலே போய்விட்டது. ஏன் இன்னும் வெட்டுகிறார்கள்?

அந்தப் பணம் ஒருவர் கைக்குப் போவதில்லை. நாம் கடையில் காட்டைப் போட்டால், மெஷின் கொடுத்த வங்கி ஒரு பங்கு எடுக்கிறது. விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்பு ஒரு பங்கு எடுக்கிறது. பெரும்பாலும் பெரிய பங்கு நமக்குக் காட் தந்த வங்கிக்குப் போகிறது. நமக்குக் கிடைக்கும் பொயின்ட்ஸ், விசேட கழிவுகள் எல்லாவற்றுக்கும் காசு வரும் வழிகளில் இதுவும் ஒன்று. கடைக்காரர் இந்தச் செலவைச் சாமான் விலையில் ஏற்றினால், காட் இல்லாத கூலித் தொழிலாளியும் அதைச் சேர்த்துத்தான் கட்டுகிறார். யாருடைய பொயின்ட்ஸுக்கு யார் காசு கட்டுகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபத்தும் மெல்லக் கை மாறியது. அமெரிக்காவில் 2015 ஒக்டோபரிலிருந்து, சிப் வாசிக்கும் மெஷின் இல்லாத கடையில் சிப் அட்டையின் போலி பாவிக்கப்பட்டால் நட்டம் பொதுவாகக் கடைக்காரர் தலையில். பிரெஸ்னோவில் கொடுத்த வாக்கு எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா?

இந்தக் கட்டணம் மாற்றவே முடியாத ஒன்றும் அல்ல. அவுஸ்திரேலியா 2003இலேயே வங்கிகளுக்கிடையிலான கட்டணத்தைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அதற்கு டெபிட் காட்டுக்கு 0.2, கிரெடிட் காட்டுக்கு 0.3 வீதம் என்று உச்ச எல்லை போட்டது. இந்தியா 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ கொடுப்பனவுக்குக் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்றது. அதுவும் இனாம் அல்ல. வங்கிகளுக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. யாரோ ஒருவர் செலவைச் சுமக்கத்தான் வேண்டும். யார் என்பதைத் தீர்மானிப்பது சட்டம்.

நம் நாட்டிலும் லங்கா கியூஆர் இருக்கிறது. ஜப்பானில் 1994இல் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய அதே சதுரக் குறிதான். மெஷின் தேவையில்லை, அச்சிட்ட ஒரு தாள் போதும். கடைக்காரரிடம் எடுக்கும் கட்டணத்துக்கு மத்திய வங்கி உச்ச வரம்பும் வைத்திருக்கிறது.

போன கிழமை அதே கடைக்குத் திரும்பவும் போனோம். நானாவிடம் இதையெல்லாம் சொன்னோம். "இத பேங்க்ல ஒருத்தரும் இப்படி விளங்கப்படுத்தல்ல சேர்" என்றார். கியூஆர் பற்றி விசாரிப்பதாகச் சொன்னார்.

அன்று நாம் நானாவோடு வாதாடினோம். 10,000 ரூபாவுக்கு 1,000 ரூபா இலாபம் வைத்து விற்கும் கடைக்கு 300 ரூபா என்பது இலாபத்தில் ஏறத்தாழ மூன்றிலொன்று என்பதை அப்போது யோசிக்கவில்லை. அவர் அதை நம்மிடம் அறவிடுவது பிழைதான். ஆனால் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பதும் பிழை.

கடை வைத்திருக்கும் உறவுகளே, உங்களிடம் எத்தனை வீதம் வெட்டுகிறார்கள்? கியூஆர் வைத்திருப்பவர்களுக்கு அனுபவம் எப்படி? கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கும்.