அம்மை கண்ட வீடும் பிராயக் கணக்கும்

மயிலாடி என்றதும் கற்சிற்பிகளின் உளியோசையையும், 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்த ரிங்கல்தௌபே பாதிரியாரையும், அவ்வூர் வேதமாணிக்கத்தின் முயற்சியோடு சேர்ந்து 1809-இல் அங்கே எழும்பிய தேவாலயத்தையும் நினைப்பது சரித்திரம் அறிந்தோர் வழக்கம். அவற்றைப்பற்றி எழுதினவர் பலர். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, அந்த நாஞ்சில் நாட்டு ஊர்களில் வியாதியையும் மனிதரின் பிராயத்தையும் பிணைத்து வைத்திருந்த ஓர் ஆசாரம். கொரோனா என்னும் கிருமி உலகைச் சுற்றி வந்த பிற்பாடு, அதை மறுபடி எடுத்துப் பார்க்க நியாயமுண்டு என்று தோன்றுகிறது.

பெரியம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பங்குழை செருகி, அடுப்பில் தாளிப்பை நிறுத்தி, நோயுற்ற பிள்ளையை வாழையிலைமேல் கிடத்தி, முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பத்தார், உள்ளே சென்று பணிவிடை செய்ய யாரை அழைத்தார்கள் என்று கவனிக்க வேண்டும். திடகாத்திரமான வாலிபனை அல்ல. சிறு பிராயத்தில் ஒரு தடவை அம்மை போட்டு மீண்டு, முகமெல்லாம் தழும்பு விழுந்த ஆச்சியைத்தான். கொப்புளம் உடைந்து அரிக்கும் உடம்பை வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டு இரவு முழுவதும் அவள் அருகிலே இருப்பாள். அவளுக்கு ஒன்றும் வராது. அம்மை காணாத இளையவர்களோ வேறு வீட்டுக்கு, முடிந்தால் வேறு ஊருக்கு, அனுப்பப்பட்டார்கள். இதைத் தெய்வத்தின் அனுக்கிரகம் என்று அவர்கள் சொன்னாலும், அநுபவம் கற்பித்த கணக்கு அதனுள் இருந்தது: அந்த ஒரு நோயைப் பொறுத்தவரை, முதுமையே அரணாக நின்றது.

அம்மை குத்தும் முறை இத்தேசத்திற்கு வந்தபோதும் இதே கணக்கு வேறு ரூபத்தில் தலைகாட்டியது. இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் தம் பரிசோதனைக்குத் தேர்ந்தது எட்டு வயதுச் சிறுவனை. 1802 ஜூனில் பம்பாயில் முதன்முதலாக அம்மை குத்தப்பட்டது மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்துப் பாலை எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் கீறி வைத்தே, அக்காலத்தில் அந்த மருந்து ஊர்விட்டு ஊர் பயணம் செய்தது. முன்பே அம்மை கண்டு மீண்ட உடம்பில் கொப்புளம் நன்றாக எழும்பாதாகையால், இந்தச் சங்கிலிக்குக் குழந்தைகளே வேண்டியிருந்தார்கள். 1810 முதல் 1815 வரை திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி லட்சுமி பாய், தாமும் அரச குடும்பத்தாரும் முதலில் குத்திக்கொண்டு பிரஜைகளின் பயத்தைத் தெளிவித்தார். மயிலாடியும் அன்று அந்த ராஜ்யத்திலேதான் இருந்தது. ராணி தாமே முன்வந்தது ஆயிரம் விளம்பரத்தைக் காட்டிலும் பெரிய காரியம் என்பேன்.

உடம்பின் ஞாபகம் எவ்வளவு காலம் நிற்கும் என்ற வினாவுக்கு வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் அருமையான விடை கிடைத்தது. 1846-இல் அங்கே தட்டம்மை பரவி ஜனங்களில் பெரும்பாலோரைப் படுக்கையில் தள்ளியபோது, பானும் என்ற டேனிஷ் வைத்தியர் வீடுவீடாக விசாரித்துப் பார்க்க, 1781-இல் வந்த தட்டம்மையைச் சிறு வயதில் அநுபவித்திருந்த கிழவர் கிழவியருள், அவர் விசாரித்த அளவில், ஒருவருக்கும் அது மறுபடி காணவில்லை; அறுபத்தைந்து வருஷ ஞாபகம்!

கொரோனா வகைக் கிருமிகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. 229ஈ, ஓசி43 முதலிய பெயர்களோடு 1960-களில் அடையாளம் காணப்பட்டவை சாதாரண ஜலதோஷத்தைத் தருபவை; ஒரு தடவை வந்து போனவருக்கே மறுபடி மறுபடி வருபவை. ஆகவே 2020-இல் புதிய கிருமி நுழைந்தபோது, வயோதிகரின் உடம்பு வெற்றுப் பலகையாக இருக்கவில்லை. பழைய சளிக் கிருமிகளுக்கும் புதியதற்கும் பொதுவாயுள்ள முள்புரதத்தின் அடிப்பகுதியை நோக்கி, அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் முந்திக்கொண்டு எழுந்தன. மறுபக்கம், அடிக்கடி மூக்கொழுகும் பிள்ளைகளிடத்திலும், புதிய கிருமியை ஒருபோதும் காணாத நிலையிலேயே, அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் கணிசமாக இருந்ததை லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார் அவ்வாண்டு எடுத்துக்காட்டினார்கள். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் சுவையானது: நோய் வந்து போன பெரியவர்கள் கிருமியின் முள்ளுக்கும் அதன் உட்கருப் புரதத்துக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்க, குழந்தைகள் பெரும்பாலும் முள்ளுக்கு மட்டுமே உண்டாக்கினார்கள். கிருமி பெருகி உள்சரக்கை வெளியே கொட்டுமுன்னரே குழந்தைகளின் உடம்பு அதைத் தீர்த்துவிட்டது என்பது அவர்கள் கொண்ட அநுமானம். பழைய ஞாபகம் வயோதிகருக்கு உதவியா உபத்திரவமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஏகமனதான முடிவில்லை. முன்பே ஒரு முறை உளி பட்ட கல்லில் புது உருவம் எடுக்கும் மயிலாடிச் சிற்பியின் சங்கடம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கல்லுக்கு முதுமை கிடையாது, மார்புக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியோ வாலிபம் தொட்டே சுருங்கத் தொடங்கி, புதிய பகையைக் கற்கும் அணுக்களின் வரவைக் குறைத்துவிடுகிறது.

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காம் ரத்தப் பரிசோதனையில், ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேரிடமும், அறுபது கடந்தவரில் 76.7 சதவீதம் பேரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. பெரியவர்களின் எண்ணிக்கையில் தடுப்பூசியின் பங்கும் கலந்திருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையோ, பள்ளிகள் பெரும்பாலும் பூட்டியிருந்த நாளிலும் கிருமி வீடு தேடி வந்துபோனதற்குச் சாட்சி. எதிர்ப்பொருள் இருப்பது வேறு, அதன் வீரியம் வேறு என்பதையும் மறக்கலாகாது: கேம்பிரிட்ஜில் எண்பது கடந்தவர்களைச் சோதித்தபோது, பைசர் ஊசியின் முதல் தவணைக்குப்பின் பலரிடம் கிருமியை முடக்கும் ஆற்றல் குன்றியே இருந்து, இரண்டாம் தவணைக்குப் பிறகே மேலேறிற்று.

ஆகையால் அம்மைக்குக் குழந்தை முதலாக ஊசி கொண்டுசென்ற தேசம், இம்முறை வரிசையைத் தலைகீழாக்கியது. மருத்துவப் பணியாளருக்குப்பின், 2021 மார்ச் 1-ஆம் தேதி அறுபது வயது கடந்தவர்களும், நாற்பத்தைந்து கடந்த நோயாளிகளும் அழைக்கப்பட்டார்கள். பதினெட்டு வயதினரின் முறை மே மாதத்தில் வந்தது. 2022 ஜனவரி 3-இல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய ஒரே வாரத்தில், நோயுள்ள அறுபது வயதினருக்கு மூன்றாம் தவணையே தொடங்கிவிட்டது. மார்ச்சில் பன்னிரண்டு வயதினரோடு வரிசை நின்றது. அதற்குக் கீழ்ப்பட்ட பாலரை அரசின் தேசியத் திட்டம் அழைக்கவேயில்லை.