இந்தியாவில் இணையத் தொலைபேசி

இணையத் தொலைபேசி என்பது குரலை இலக்கமுறைத் தரவாக மாற்றி, சிறு பொதிகளாகப் பிரித்து, இணைய நெறிமுறையைப் பின்பற்றும் வலையமைப்புகளின் ஊடாக அனுப்பும் தொலைத்தொடர்பு முறை ஆகும். நிகழ்படம், படங்கள், எழுத்துச் செய்திகள் ஆகியவற்றையும் இதே வழியில் அனுப்ப இயலுமாதலால், இது பல்லூடகச் சேவைகளுக்கும் அடிப்படையாக விளங்குகின்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 இல் தொடங்கியது. ஆயினும் இணையத் தொலைபேசிக்கு 2002 வரை தடை இருந்தது. இணையத்தையும் உள்நாட்டுத் தொலைபேசியையும் இணைத்துப் பேசும் சேவை 2018 இலேயே நடைமுறைக்கு வந்தது. இத்தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தைவிட உரிம விதிகளே பெரிதும் காரணமாயின.

செயற்படும் விதம்

மரபுவழித் தொலைபேசியில், இருவர் பேசும் நேரம் முழுவதும் அவர்களுக்கிடையே ஒரு தடம் ஒதுக்கி வைக்கப்படும். இது சுற்றிணைப்பு முறை எனப்படும். இருவரும் பேசாமல் இருந்தாலும் அத்தடத்தை வேறு எவரும் பயன்படுத்த இயலாது. ஆகவேதான் கட்டணம் தொலைவையும் நேரத்தையும் பொறுத்து அமைந்தது.

இணையத் தொலைபேசியில் அவ்வாறு தனித்தடம் எதுவும் இல்லை. எடுத்துக்காட்டாக, நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் இருப்பவர் சிங்கப்பூரில் உள்ள உறவினருடன் பேசுவதாகக் கொள்வோம். அவரது குரல் நொடிக்கு 8000 முறை அளவிடப்பட்டு எண்களாக மாற்றப்படுகின்றது. 20 மில்லிநொடிக்கு உரிய எண்கள் ஒரு பொதியில் இடப்படுகின்றன. அதாவது நொடிக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேரவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். மின்னஞ்சலும் இணையப் பக்கங்களும் செல்லும் அதே கம்பிவடங்களில் இப்பொதிகளும் கலந்து செல்கின்றன. மறுமுனையில் உள்ள கருவி அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் ஒலியாக்குகின்றது.

தேவைப்படும் வேகம்

குரலைச் சுருக்கும் முறை குறிமுறை எனப்படும். ஜி.711 என்னும் குறிமுறையில் ஒரு பொதியில் 160 பைட்டுகள் குரலும் 40 பைட்டுகள் தலைப்பும் இருக்கும். நொடிக்கு 50 பொதிகள் எனில் இதற்கு 80 கிலோபிட் வேகம் தேவை. ஜி.729 என்னும் குறிமுறையில் குரல் 20 பைட்டுகளாகச் சுருங்குவதால், தலைப்புடன் சேர்த்து 24 கிலோபிட் வேகம் போதுமானது. இங்கு தலைப்பு, குரலைப்போல் இருமடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்வது குறிப்பிடத்தக்கது. 1990களின் இறுதியில் தொலைபேசிக் கம்பிவழி இணைய இணைப்பின் உச்ச வேகம் 56 கிலோபிட் ஆகும். ஆகவே ஜி.711 அதில் செல்ல இயலாது; ஜி.729 போன்ற சுருக்கு முறைகளால் அந்த இணைப்பிலும் பேச முடிந்தது.

தாமதம்

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் சென்றுசேரும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நலம் என அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகின்றது. இதனை மிகுந்தால் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழும். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளதால், அதன் வழியே செல்லும் குரலுக்குச் சுமார் கால் நொடி ஆகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ என்னும் கடலடிக் கம்பிவடம் 2002 இல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள அதனை ஒளி ஏறத்தாழ 16 மில்லிநொடியில் கடந்துவிடும்.

வழியில் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறுவதற்குள் பேச்சு கடந்துவிடும். எனவே தொலைந்த பொதியை விட்டுவிட்டு அடுத்ததை ஒலிக்கச் செய்வதே வழக்கம். நூற்றில் ஓரிரு பொதிகள் தவறினாலும் பொதுவாகப் பேச்சு புரியும்.

நெறிமுறைகள்

அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு நெறிமுறையும், குரலையும் நிகழ்படத்தையும் கொண்டுசெல்ல மற்றொரு நெறிமுறையும் பயன்படுகின்றன.

எச்.323: அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996 இல் வெளியிட்டது. நிகழ்படக் கலந்துரையாடலுக்கும் உரியது.
எஸ்ஐபி: 1999 இல் வெளியாகி 2002 இல் திருத்தப்பட்டது. இணையப் பக்கங்களுக்கான நெறிமுறையைப் போல எளிய எழுத்துக் கட்டளைகளால் அமைந்தது.
ஆர்டிபி: 1996 இல் வெளியானது. பொதிகளுக்கு வரிசை எண்ணும் நேரக் குறியும் இட்டு, குரலையும் நிகழ்படத்தையும் கொண்டுசெல்கின்றது.

உலக அளவில் தோற்றம்

பொதிகளின் வழியே குரலை அனுப்பும் ஆய்வுகள் 1970களில் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் நடைபெற்றன. 1995 இல் இசுரேலிய நிறுவனமான வோக்கல்டெக், வீட்டுக் கணினிகளுக்கான 'இன்டர்நெட் போன்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. 2003 ஆகத்தில் வெளியான ஸ்கைப் இம்முறையை உலகெங்கும் பரப்பியது; அச்சேவை 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. வாட்சப் 2015 இல் குரல் அழைப்பையும் 2016 இல் நிகழ்பட அழைப்பையும் சேர்த்தது.

இந்தியாவில் சட்டநிலை

தடைக்காலம்

1995 ஆகத்து 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொது இணையச் சேவையைத் தொடங்கியது. பன்னாட்டுத் தொலைபேசி அழைப்புகளும் அதே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தன. 1999 இல் வெளியான புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இணையத் தொலைபேசியை அப்போதைக்கு அனுமதிப்பதில்லை என்றும், தகுந்த நேரத்தில் மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் கூறியது. அக்காலத்தில் வெளிநாடு சென்ற உறவினரோடு பேச, மக்கள் கூடுதல் கட்டணம் செலுத்தித் தொலைபேசி நிலையங்களையே நாடினர்.

பாதித் திறப்பு

பன்னாட்டு அழைப்புகளின் தனியுரிமை 2002 மார்ச்சு 31 உடன் முடிவுற்றது. மறுநாளே, ஏப்பிரல் 1 முதல், இணையச் சேவை வழங்குநர்கள் இணையத் தொலைபேசியை வழங்க அனுமதிக்கப்பட்டனர். ஆனால் அனுமதி வரையறைக்கு உட்பட்டது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம். இந்தியாவில் உள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். இந்தியாவில் உள்ள தொலைபேசியுடன் மட்டும் இணைத்தல் கூடாது.

இதன் விளைவு விந்தையானது. மல்லசமுத்திரத்தில் உள்ள கணினியிலிருந்து சிங்கப்பூரில் உள்ள தொலைபேசியை அழைக்கச் சட்டம் இடமளித்தது. அருகிலுள்ள சேலத்தின் தொலைபேசியை அழைக்க இடமளிக்கவில்லை. திருச்செங்கோடு வட்டாரத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுடன் வெளிமாநிலங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் இச்சேவையால் பயன் விளையவில்லை. அவர்கள் பேசவேண்டியிருந்தது உள்நாட்டுத் தொலைபேசிகளுடனேயே.

தடைக்கு ஆதரவான வாதமும் இருந்தது. தொலைபேசி நிறுவனங்கள் பெருந்தொகை உரிமக் கட்டணம் செலுத்தின; ஊர்ப்புறங்களுக்குக் கம்பி இழுக்கும் கடமையும் அவற்றுக்கு இருந்தது. அச்சுமை இல்லாத இணைய நிறுவனங்கள் அதே சேவையை வழங்குதல் முறையன்று என அவை கூறின. மறுபுறம், அழைப்புக் கட்டணங்களின் வேறுபாடு கள்ளத்தனமான இணைப்பகங்களுக்கு வழிகோலியது. வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியே பெற்று, பல சிம் அட்டைகள் பொருத்திய பெட்டிகளின் மூலம் உள்ளூர் அழைப்புகளாக மாற்றுவது இவற்றின் செயல்முறையாகும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008 ஆகத்தில் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

கட்டணப் பிணக்கு

திறன்பேசிச் செயலிகள் பரவியபின், 2014 திசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே அதனைத் திரும்பப் பெற்றது. இதனைத் தொடர்ந்து எழுந்த வலையமைப்பு நடுநிலை பற்றிய விவாதத்தின் முடிவில், தரவின் உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை 2016 பெப்ரவரி 8 அன்று ஆணையம் தடைசெய்தது. பயனருக்கு இதன் பொருள், குரலைச் சுமக்கும் பொதிக்கும் பிற பொதிக்கும் ஒரே விலை என்பதாகும்.

2018 அனுமதி

ஆணையத்தின் 2017 அக்டோபர் பரிந்துரையை ஏற்று, 2018 சூன் மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. இதன்படி தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனத்தின் பயனர், எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பிலிருந்தும் எந்தத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்னும் சேவையை அறிமுகப்படுத்தியது. அலைபேசிக் குறிகை எட்டாத வீட்டிலும் அகலப்பட்டை இணைப்பு இருந்தால் பேசலாம் என்பது இதன் பயனாகும்.

தமிழ்நாட்டு முயற்சிகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் சுன்சுன்வாலா தலைமையிலான டெனெட் குழுவினர், கார்டெக்ட் என்னும் கம்பியில்லா ஊர்ப்புற இணைப்பு முறையை உருவாக்கினர். ஒரே இணைப்பில் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே இயங்கின. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 இல் தொடங்கிய சாரி திட்டத்தின் இணைய நிலையங்கள் இம்முறையைப் பயன்படுத்தின.

அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, 2000களின் நடுப்பகுதியில் தேனிப் பகுதியில் ஒரு வலையமைப்பை நிறுவியது. சிற்றூர்க் கண் பரிசோதனை மையத்தில் அமர்ந்த நோயாளி, தேனி மருத்துவமனையின் மருத்துவருடன் நிகழ்படம் வழியே பேசினார். வீட்டு அளவிலான வைஃபை கருவிகள் நெடுந்தொலைவில் சரிவர இயங்குவதில்லை. ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகைக்குக் காத்திருப்பதே காரணம். இரு முனைகளும் நேர ஒதுக்கீட்டின்படி மாறி மாறி அனுப்பும்படி மென்பொருளை மாற்றி, ஆய்வாளர்கள் இக்குறையைக் களைந்தனர். மின் அழுத்த ஏற்றத்தாழ்வால் கருவிகள் பழுதடைவது அங்கு பெருஞ்சிக்கலாக இருந்தது.

அலைபேசி வலையமைப்புகளில்

2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கிய ஜியோ, சுற்றிணைப்பு முறை அறவே இல்லாத வலையமைப்பாகும். அதில் எல்லாக் குரல் அழைப்புகளும் பொதிகளாகவே செல்கின்றன. பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. இம்முறையில் குரல் பொது இணையத்தில் கலவாமல், நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில் முன்னுரிமையுடன் செல்கின்றது. மரபுவழித் தொலைபேசி 300 முதல் 3400 எர்ட்சு வரையான ஒலியையே கடத்தியது. இது 7000 எர்ட்சு வரை கடத்துவதால் குரல் தெளிவாக இருக்கும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகளில் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

குறைபாடுகள்

மின்சாரம்: செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்தின் மின்கலன்களே மின்சாரம் வழங்கின. ஆதலால் வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் அது இயங்கியது. ஒளியிழைவழித் தொலைபேசிக்கு வீட்டிலேயே மின்சாரம் வேண்டும்.

அவசர அழைப்பு: செப்புக் கம்பி ஒரு முகவரிக்கு உரியது. இணையவழி அழைப்பு எங்கிருந்தும் வரலாம் என்பதால், 108 போன்ற சேவைகளுக்கு இடத்தை அறிவது கடினம்.

இணைப்பின் தரம்: குரலுக்கு வேகத்தைவிடச் சீர்மை தேவை. நெரிசல்மிக்க நேரத்தில் பொதிகள் பிந்தி வந்தால் பேச்சு துண்டுதுண்டாகக் கேட்கும்.

இவற்றையும் பார்க்க

பொதி நிலைமாற்றம்
வலையமைப்பு நடுநிலை
தொலைமருத்துவம்
பாரத்நெட்