காசநோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? சென்னை சொன்ன பதில்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் சொந்தத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் எங்காவது ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சேர்த்துவிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். "அப்படி எங்கேம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார் ஒரு மாமா. சரியான கேள்வி. சரித்திர வாத்தியாராகிய நானும் அதைத்தான் கேட்பேன்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும், சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். மகேந்திரவர்மன் வெட்டியது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதினார்கள். கல்லைப் படித்தால், உருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது, மகேந்திரன் என்ற பெயரே கிடையாது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். யார் சொன்னார் என்று பார்த்தால் போதாது, கல்லில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாமா கேட்ட கேள்விக்கும் அப்படி ஒரு கல் இருக்கிறது. அது சென்னையிலேயே இருக்கிறது.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும், பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ அதில் ஒரு துளி. படுக்கைக்காகக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். இதற்குள் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அப்படியானால் படுக்கை அவசியந்தானா? இது வாயால் பேசித் தீர்க்கிற விஷயமில்லை.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். நகரத்தின் நெருக்கமான, ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்தார்கள். யார் வீட்டில், யார் தாம்பரத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். இது ஏன் முக்கியம் என்றால், டாக்டர் கையில் விட்டால் இரக்கப்பட்டு மோசமான நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் எதையும் ஒப்பிட முடியாது. (பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 107 பேரிடம் இப்படிச் சோதித்து 1948இல் வெளியிட்டிருந்தார்கள். வழி அங்கிருந்து வந்தது.)

இரு பக்கத்தாருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஓராண்டுக்கு. தாம்பரத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் நன்றாகக் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரை வயிற்றோடு வேலைக்கும் போனார்கள். மருந்தை விழுங்குகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பரீட்சை ஹாலில் நான் பறக்கும் படையைப் பார்த்திருக்கிறேன், இவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள்!

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். மாமா கேட்டதற்குப் பதில் இதற்கு அடுத்த பகுதியில் இருக்கிறது. இரு பக்கத்துக் குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் அதிகம் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மருந்து உள்ளே போனதும் பரவும் வேகம் குறைந்துவிடுகிறது. ஆகையால் நோயாளியை விரட்டுவதைவிட, வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதிப்பதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் பார்ப்பதும்தான் வேலை.

1959இல் உலக சுகாதார நிறுவன இதழில் இது வந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாடுகள் கற்றுக்கொண்ட பாடம், நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை.

நமக்குப் பிடிக்காத முடிவும் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் வெளிப்படையாக எழுதினார்கள். குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பாதுகாப்பு இருப்பதால் இன்றும் போடுகிறோம். "பி.சி.ஜி. வேஸ்ட்" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தக் கதையின் பாதியைத்தான் சொல்கிறது.

மருத்துவத் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கட்டுரையைத் தேட 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற தடித்தடி அட்டவணைப் புத்தகங்களை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் புரட்ட வேண்டும். 1879 முதல் வந்தது அது. 1997இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பப்மெட் தளத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஒரே கேள்விக்கான பல சோதனைகளைச் சலித்து, சேர்த்துப் பார்த்துச் சொல்வது காக்ரேன் அமைப்பின் வேலை, 1993இல் தொடங்கியது. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கு மையம் அமைந்தது. இந்தியாவில் நடக்கும் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. 2007இல் வந்தது. பிடிக்காத முடிவை யாரும் மேசைக்குள் பூட்டி வைக்கக்கூடாது என்பதற்காக.

சென்னைக் கட்டுரை இன்று செல்போனிலேயே முழுசாகக் கிடைக்கிறது, காசு கிடையாது. தொண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், மலைக்காதீர்கள். சுருக்கத்தோடு நிறுத்தாமல் அட்டவணைகளைப் பாருங்கள். எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள், எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதெல்லாம் உண்டு. சொல்லாமல் சானடோரியத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டவர்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள்.