மானிப்பாயில் மலர்ந்த வைத்தியக் கல்வி

கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே, 1848இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் இளைஞர் சிலர் மேனாட்டு வைத்தியம் பயிலத் தொடங்கினர். அவர்தம் ஆசான் அமெரிக்கராகிய டாக்டர் சாமுவேல் கிறீன்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் நாடிப் பட்டினம் போவர். தமிழிற் கற்றோரே கிராமத்தில் தங்கி நோயாளரைப் பேணுவர் என அவர் கருதினார். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணாக்கரின் துணையோடு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார்.

1873இல் அவர் தாயகம் திரும்புமுன் ஏறக்குறைய 60 பேர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். அந்நூல்கள் இன்று பழைமை எய்திவிட்டன. அவர் எழுப்பிய வினா பழைமை எய்தவில்லை. வைத்தியத் துறையை விரும்பும் மாணவர், எதைக் கற்பது என்பதோடு யாரிடையே பணிபுரிவது என்பதையும் சிந்தித்தல் நன்று.