விட்ட படியிலிருந்து

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்தது செயல்வழிக் கற்றல். முன்மாதிரி, ஆந்திராவின் ரிஷி வேலி. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவி முகையூர் ஒன்றியத்துக்கும் வந்தது. பாய், அட்டை, கம்பிப் பந்தல் எல்லாம் சரி. எனக்கு அதில் பெருசாப் படுவது கற்றல் ஏணிதான்.

விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பிள்ளைகளோடு கிளம்பிப் போகும் குடும்பங்கள் உண்டு. மாசக்கணக்கில் கழித்துத் திரும்பும் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் எங்கேயோ போயிருக்கும். ஏணியில் அப்படியில்லை: விட்ட படியின் சின்னத்தைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தானே எடுத்துத் தொடரலாம். கேமில் சேவ் பண்ண இடம் மாதிரி. ‘புத்தகமே இல்லாம என்ன படிப்பு?’ என்று கேட்ட பெற்றோரிடம் இதைச் சரியாக யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே நிலைகள். சூளையிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு அது போதாது.