உறங்கி எழும் மடிக்கணினியில் ஒலி இழப்பு

மூடி வைத்த மடிக்கணினியை மறுபடி திறந்ததும் திரை, விசைப்பலகை, இணையம் எல்லாம் முன்போல வேலை செய்ய, ஸ்பீக்கர் மட்டும் ஊமையாகிவிடுவதே இக்கோளாறு. ஒலி அளவுப் பட்டை ஏறி இறங்கும். பாட்டு ஓடுவதாகத் திரை காட்டும். காதில் எதுவும் விழாது. கணினியை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சத்தம் திரும்பிவிடும். அடுத்த முறை மூடித் திறந்தால் மறுபடி போய்விடும். ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக எண்ணி அதை மாற்றச் சொல்லிக் காசு கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்பீக்கருக்கு இதில் பெரும்பாலும் பங்கே இல்லை. ஒலிச் சில்லில் எழுதி வைத்திருந்த அமைப்புகள் உறக்கத்தில் அழிந்துபோகின்றன. எழுந்த பிறகு அவற்றை யாரும் திரும்ப எழுதுவதில்லை.

மழையூரில்

பேராக் மாநிலத்தின் தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு நனையும் ஊர் வேறில்லை. இன்று மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் என்பது ஊர்ப் பேச்சு. புக்கிட் லாருட் மலைப் பக்கம் மேகம் கறுத்து முதல் இடி இடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மடக்கி வைப்பதும், மழை விட்டதும் திறப்பதும் இங்கே இயல்பு. அப்படி மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு தரம் உறங்கி எழுகிறது. கோளாறு உள்ள கணினியில் ஒவ்வொரு முறையும் சத்தம் போகிறது.

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது இந்தக் கோளாறு பலருக்கு முதன்முறையாக உறைத்தது. ஆசிரியரின் உதடு அசைகிறது, பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இணையம் மெதுவோ, ஆசிரியர் மைக்கைத் திறக்கவில்லையோ என்று தேடுவதற்குள் பாடம் பாதி முடிந்துவிடும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்ட பெரியவர்கள் பலருக்கு மின்னல் எஃப்எம் கேட்கும் வானொலிப் பெட்டியும் இன்று பேரப்பிள்ளையின் மடிக்கணினிதான். வீட்டில் ஒலி நிற்பது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

அலுவலகங்களில் ஓடித் தேய்ந்து இரண்டாம் கைக்கு வரும் மடிக்கணினிகளில் இக்கோளாறு கூடுதலாகத் தலைகாட்ட ஒரு காரணம் இருக்கிறது. விற்பவர் வட்டைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருப்பார். விண்டோஸ் தன்னிடம் உள்ள பொதுவான ஒலி இயக்கியை (டிரைவர்) பொருத்திக்கொள்ளும். அந்த இயக்கிக்குப் பெரும்பாலான ஒலிச் சில்லுகளோடு பேசத் தெரியும். குறிப்பிட்ட அந்த மாடலில் தயாரிப்பாளர் ஸ்பீக்கரை எப்படி இணைத்திருக்கிறார் என்பது தெரியாது. புதிதாகத் தொடங்கும்போது கணினியின் தொடக்க நிரலான பயோஸ் செய்து வைக்கும் வேலையால் சத்தம் வரும். உறங்கி எழும்போது அந்த உதவி முழுதாகக் கிடைக்காது.

உறக்கத்தில் நடப்பது

கணினி எப்படி உறங்க வேண்டும் என்பதற்கான பொது வரையறையான ஏசிபிஐ-யை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதில் எஸ்3 என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் ஸ்லீப்: ரேமுக்கு மட்டும் மின்சாரம் ஓடும், மற்றதெல்லாம் அணையும். எஸ்4 என்பது ஹைபர்னேட்: ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுக்க அணைந்துவிடும். கருவிகளுக்குத் தனித்தனியாக டி0 முதல் டி3 வரை படிகள் உண்டு. டி0-இல் கருவி முழு விழிப்பில் இருக்கும். டி3-இன் ஆழ்ந்த வகையில் மின்சாரமே போயிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வேறொரு வகை உறக்கம் வந்தது. பின்னர் விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயர் பெற்றது. இதில் கணினி கைப்பேசியைப் போல அரைத் தூக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு கருவியையும் அதனதன் இயக்கியே உறங்க வைத்து எழுப்ப வேண்டும். பயோஸ் நடுவில் வருவதே இல்லை. ஆகவே ஒரு இயக்கி தன் வேலையில் தவறினால், தாங்கிப்பிடிக்க யாரும் இல்லை.

ஒலி ஸ்பீக்கருக்கு வரும் வழி நீளமானது. செயலி தரும் எண்களை ஒலிக் கட்டுப்பாட்டகம் வாங்கிக் கோடெக் எனும் சில்லுக்கு அனுப்புகிறது. கோடெக் எண்களை மின்னலையாக மாற்றுகிறது. பெருக்கி அதற்கு வலுவூட்டுகிறது. அதன் பிறகே ஸ்பீக்கரின் கூம்பு அசைகிறது. கட்டுப்பாட்டகமும் கோடெக்கும் பேசிக்கொள்ளும் முறையை இன்டெல் 2004-இல் ஹெச்டி ஆடியோ என்ற பெயரில் வரையறுத்தது; 1997-இல் வந்த ஏசி’97 முறைக்குப் பதிலாக வந்தது இது. மடிக்கணினிகளில் அதிகம் காணப்படும் கோடெக்குகள் தைவானின் சிஞ்சு நகரில் 1987-இல் தொடங்கிய ரியல்டெக் நிறுவனத்துடையவை. ஏஎல்சி என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் அவற்றின் மேல் பொறித்திருக்கும்.

விரல் நகத்தை விடச் சிறிய அந்தச் சில்லுக்குள் ஒலி நுழையவும் வெளியேறவும் பல முனைகள் உண்டு. எந்த முனையில் ஹெட்போன் துளை இருக்கிறது, எதில் ஸ்பீக்கர் இருக்கிறது என்பதைக் கணினி தொடங்கும்போது பயோஸ் எழுதி வைக்கிறது. தயாரிப்பாளர் மாடலுக்கு ஏற்பச் சேர்க்கும் நுண் அமைப்புகள் வேறு சில இருக்கும். இவற்றோடு ஒற்றைச் சுவிட்ச் போன்ற ஒரு பிட் உண்டு. சில்லுக்கு வெளியே இருக்கும் பெருக்கியை அணைக்கவும் எழுப்பவும் பயன்படுவது அது. இவை எதுவும் நிரந்தர எழுத்தல்ல. மின்சாரம் போனால் பலகையில் எழுதியது அழிவதைப் போல அழிந்துவிடும். எழுந்ததும் இயக்கி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திரும்ப எழுத வேண்டும். பெருக்கியை எழுப்பும் அந்த ஒரு பிட்டை எழுத மறந்தாலே போதும்: கோடெக் ஒழுங்காகப் பாடும், பெருக்கி உறங்கிக்கொண்டிருக்கும்.

ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும்போதும் பல கணினிகளில் ஹெட்போன் பேசுவதற்குக் காரணம் இதுதான். ஹெட்போனை ஓட்டும் சிறு பெருக்கி கோடெக்கின் உள்ளேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்கான பெருக்கி பல மாடல்களில் வெளியே இருக்கிறது. அண்மைக் காலத்து மெல்லிய மடிக்கணினிகளில் சிரஸ் லாஜிக், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகியவற்றின் அறிவார்ந்த பெருக்கிகள் வருகின்றன. சின்ன ஸ்பீக்கரைச் சூடேறிக் கருகவிடாமல் உரக்கப் பாட வைக்கும் பெருக்கிகள் இவை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இவற்றுக்குள் ஒரு சிறு நிரலை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் சத்தம் வராது. வந்தாலும் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து வரும்.

கண்டறிதல்

பழுதுபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ரீஸ்டார்ட் பண்ணினா சத்தம் வருதா?” வருகிறது என்றால் ஸ்பீக்கரும் அதன் கம்பியும் பெருக்கியும் நலம். எதையும் கழற்ற வேண்டிய தேவை இல்லை. இந்த ஒரு பதிலே பாதி வேலையை முடித்துவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. “நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டேன் அண்ணே, அப்பவும் வரல” என்பார் வாடிக்கையாளர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ என்பது முழு அணைப்பு அல்ல. விரைவுத் தொடக்கம் என்ற வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியையும் இயக்கிகளின் நிலையையும் வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. நேற்றுக் குழம்பிப்போன இயக்கி இன்றும் அதே குழப்பத்தோடு எழும். ‘ரீஸ்டார்ட்’ அப்படியல்ல; எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். அணைத்துப் போடுவதுதான் பெரிய மருந்து, மறுதொடக்கம் சின்ன மருந்து என்று பலரும் எண்ணுகிறார்கள். விண்டோஸில் அது தலைகீழ். முழுதாக அணைக்க வேண்டுமானால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும், அல்லது விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, ஒலி எங்கே போகிறது என்று பார்ப்பது. எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியோ வேறு திரையோ இணைந்திருந்தால், எழுந்தவுடன் கணினி அதையே ஒலியின் வழியாகத் தேர்ந்துகொள்வதுண்டு. அடுத்த அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரும் சொல்லாமல் இணைந்துகொள்ளும். ஒலி அமைப்பில் வெளியீட்டைக் கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் இத்தகைய நிகழ்வுகள் உண்மையில் கோளாறே அல்ல.

வழி சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், சாதன மேலாளரில் ஒலிக் கருவியை முடக்கி மறுபடி இயக்க வேண்டும். கணினியை மறுதொடக்கம் செய்யாமல் இயக்கியை மட்டும் முதலிலிருந்து வேலை வாங்கும் வழி இது. இதனால் சத்தம் திரும்பினால் குற்றவாளி இயக்கிதான் என்பது உறுதி. விண்டோஸ் ஆடியோ சேவையை மறுதொடக்கம் செய்தாலே சத்தம் திரும்பினால், சிக்கல் இயக்கிக்கும் மேலே மென்பொருள் அடுக்கில் இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் ஒலியைக் கவனிக்கும் பின்னணி நிரலான கோர்ஆடியோடி-யைச் செயல்பாட்டுக் காட்டியில் நிறுத்தினால் அது தானே மீண்டும் எழும். ஒலியும் பெரும்பாலும் அதோடு எழும்.

இயக்கியே காரணம் என்று தெரிந்த பின், கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்று உள்ள ஒலி இயக்கியை ஏற்ற வேண்டும். பொது இயக்கியை மீண்டும் மீண்டும் ஏற்றிப் பயனில்லை. புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் பழைய இயக்கிக்குத் திரும்புவது நல்லது. பயோஸ் புதுப்பிப்பும் பல மாடல்களில் உதவுகிறது, ஏனெனில் எழும் வேளையில் பெருக்கிக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு சிலவற்றில் அதனிடம் உள்ளது. மின் மேலாண்மைச் சில்லே குழம்பிப்போயிருந்தால் சார்ஜரைக் கழற்றி, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விட வேண்டும். சில திங்க்பேட் மாடல்களின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஓர் ஊசித்துளை உண்டு.

புதிய இயக்கி கிடைக்காத பழைய கணினிக்கு நடைமுறையில் நல்ல வழி, மூடியை மடக்கும்போது ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படி அமைப்பது. ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது பயோஸ் முழுத் தொடக்கத்தையும் செய்வதால் ஒலிச் சில்லின் அடிப்படை அமைப்புகள் மறுபடி எழுதப்படுகின்றன. எழச் சில நொடிகள் கூடும், பேட்டரி குறையாது. பிள்ளையின் பள்ளிக் கணினிக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

ஹெட்போன் துளை

ஈரமான ஊர்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. 3.5 மில்லிமீட்டர் துளைக்குள் மெல்லிய உலோக இதழ் ஒன்று இருக்கிறது. ஹெட்போனின் முனை உள்ளே போகும்போது அந்த இதழ் தள்ளப்பட்டு, ‘ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து’ என்ற செய்தி கோடெக்குக்குப் போகிறது. இதழில் அழுக்கோ ஈரத்தால் படிந்த துருவோ இருந்தால், எதுவும் செருகாமலே அந்தச் செய்தி போகும். உறங்கி எழும்போது இயக்கி இந்த நிலையைப் புதிதாக வாசிக்கும். அதுவரை ஓடிய ஸ்பீக்கர் அப்போது நின்றுபோகும். உறக்கத்தால் வந்த கோளாறுபோலத் தோன்றும். ஒலி வெளியீட்டில் எதுவும் செருகாமலே ‘ஹெட்போன்’ என்று காட்டுவது இதன் அடையாளம். பழைய மேக்புக்குகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: துளைக்குள் சிவப்பு வெளிச்சம் எரியும், ஏனென்றால் அதே துளை ஒளிவழி ஒலிக்கும் பயன்பட்டது. ஹெட்போனைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் இதழ் சுரண்டப்பட்டுச் சரியாவதுண்டு. மின் இணைப்புகளைத் துப்புரவு செய்யும் திரவத்தைச் சிறிது பஞ்சில் தொட்டும் துடைக்கலாம். கம்பியோ குண்டூசியோ விடக்கூடாது. இதழ் வளைந்தால் பிறகு துளையையே மாற்ற வேண்டும்.

லினக்ஸில்

யாரோஸ்லாவ் கீசெலா 1998-இல் தொடங்கிய அல்சா திட்டமே லினக்ஸின் ஒலி இயக்கிகளுக்கு அடித்தளம். அதன் ஹெச்டி ஆடியோ பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் தகாஷி இவாய். ரியல்டெக் சில்லுகளுக்கான அதன் மூலநிரலைத் திறந்தால், மாடல் மாடலாகப் பிரித்து எழுதிய திருத்தங்களின் நீண்ட பட்டியலைப் பார்க்கலாம். இந்த மாடலில் இந்த முனை, அந்த மாடலில் அந்தப் பெருக்கி என்று வரிவரியாகப் போகும். ஒரே சில்லை வைத்து ஒவ்வொரு தயாரிப்பாளரும் எத்தனை விதமாக இணைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. சில லெனோவோ, சாம்சங் மாடல்களில் ஸ்பீக்கர் லினக்ஸில் பேசவே இல்லை. விண்டோஸை மெய்நிகர் கணினிக்குள் ஓடவிட்டு, அதன் இயக்கி கோடெக்குக்கு அனுப்பும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து எழுதிக்கொண்டு, அதே கட்டளைகளை லினக்ஸிலிருந்து அனுப்பிப் பயனர்களே அவற்றைப் பேச வைத்தார்கள். உறங்கி எழுந்த பின் ஓடும் சிறு நிரலாக அக்கட்டளைகளை வைத்தால் சத்தம் நிலைக்கும். மின்சேமிப்புக்காகக் கோடெக்கை அடிக்கடி உறங்க வைக்கும் அமைப்பைப் பூஜ்யமாக்குவதும் பல கணினிகளில் போதுமானது.

லினக்ஸ் நிறுவாதவருக்கும் அது ஒரு சோதனைக் கருவி. பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி ஓர் ஒலியை ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸில் ஊமையான ஸ்பீக்கர் அங்கே பேசினால் வன்பொருளைத் தொட வேண்டியதில்லை.

கடைக்குக் கொண்டுபோகும்போது

மறுதொடக்கத்திலும் பேசாத ஸ்பீக்கர், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஸ்பீக்கர், கரகரக்கும் ஸ்பீக்கர் ஆகியவை வேறு வகை. அவற்றுக்குக் கணினியைத் திறந்து கம்பியையும் கூம்பையும் பார்க்கத்தான் வேண்டும். அப்படி இல்லாதபோது, ‘சவுண்ட் இல்லை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவது ஸ்பீக்கர் மாற்றத்தில் முடியக்கூடும். கடைக்காரர் முதல்முறை திறந்து பார்க்கும்போது கணினி புதிதாகத் தொடங்கியிருக்கும், சத்தமும் வரும். கோளாறே இல்லை என்று திருப்பிக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியின் மேல் ஒட்டிக் கொடுப்பது நல்லது: “மூடித் திறந்தால் மட்டும் ஸ்பீக்கர் வேலை செய்யாது. ஹெட்போனில் கேட்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். விண்டோஸ் புதிதாக ஏற்றியது.”